ஆற்றில் போட்டாலும் அளந்து போடு: தூண்டில் கம்பின் சிறு வளையங்களைப் பற்றி



பதிவு கொஞ்சம் நீளம். "சார் ஆரம்பிச்சிட்டாரு" என்று சிரிப்பவர்கள் சிரித்துவிட்டுப் படியுங்கள். இன்றைக்குப் பாடம் தூண்டில் கம்பு. அதிலும் முழுக் கம்பு இல்லை. நரம்பு நுழைந்து போவதற்காகக் கம்பின் மேல் வரிசையாகக் கட்டியிருக்கும் வளையங்கள் மட்டும். கடையில் இவற்றைக் கைடு என்பார்கள். இவ்வளவு சின்ன விஷயத்துக்கு இவ்வளவு பெரிய பதிவா என்று கேட்பீர்கள். ஒரு பிள்ளையின் தலைக்குப் பக்கத்தில் ஈயக்குண்டு விழுந்த பிறகு எனக்கு இது சின்ன விஷயமாகத் தெரியவில்லை.

முதலில் ஓர் ஒப்புதல். பிரான்சில் இருக்கும் என் அக்கா மகன், போன வருடம் ஊருக்கு வந்தபோது எனக்கு ஒரு தூண்டில் கம்பு கொண்டுவந்து கொடுத்தான். ஒன்பது அடி, இரண்டு துண்டு, கையில் எடுத்தால் கனமே தெரியாது. வளையங்கள் எல்லாம் பொடிப்பொடியாக இருக்கும். "லேட்டஸ்ட் மாடல் மாமா, இப்ப எல்லாரும் இதத்தான் வாங்குறாங்க" என்றான். அதன்பின் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் "கம்பு எப்படி மாமா இருக்கு?" என்று மூன்று முறை கேட்டான். மூன்று முறையும் "அருமை" என்று எழுதினேன். உண்மையில் ஆறு மாதம் அது பீரோவுக்குப் பின்னால் உறையோடு நின்றது. அந்த வளையத்தில் நரம்பைக் கோக்க என்னால் முடியவில்லை. அதைச் சொல்ல வெட்கம். தம்பி, நீயும் இதைப் படிப்பாய். கோபித்துக்கொள்ளாமல் கடைசிவரை படி.

என் தூண்டில் கதை உங்களில் பலருக்குத் தெரியும். என் சித்தப்பா பிரெஞ்சுப் படையில் இருந்து பென்ஷன் வாங்கியவர். எங்கள் தெருவில் அவரைச் சொல்தா என்றுதான் சொல்வார்கள். அவர் பிரான்சிலிருந்து ஒரு கம்பு கொண்டுவந்தார். "கான் அ பேஷ்" என்று பிரெஞ்சிலேயே அதற்குப் பெயர் சொல்வார். அதில் மொத்தம் ஐந்து வளையம். அடி வளையத்தில் என் சுண்டுவிரல் நுழையும். இருட்டிலும் நரம்பு கோக்கலாம். நரம்பில் முடிச்சு இருந்தாலும், பாசி ஒட்டியிருந்தாலும் எல்லாம் போய்விடும். ஆனால் கம்பு உலக்கை மாதிரி இருக்கும். அரை மணி நேரம் பிடித்தால் தோள் கழன்றுவிடும். அந்தக் கம்பில்தான் நான் பழகினேன்.

இனி விஷயத்துக்கு வருவோம். வளையத்துக்கு என்ன வேலை? மீன் இழுக்கும்போது கம்பு வில்லாக வளையும். நரம்பு அந்த வளைவைத் தொடர்ந்து வர வேண்டும். அப்படி வந்தால்தான் சுமை கம்பின் ஒரே இடத்தில் விழாமல் நீளம் முழுக்கப் பரவும். இது ஒரு வேலை. வீசும்போது நரம்பு ரீலிலிருந்து சுருள் சுருளாகக் கிளம்பும். அந்தச் சுருளை அடக்கி நேராக்கி நுனி வழியாக அனுப்ப வேண்டும். இது இன்னொரு வேலை. அதனால்தான் நாம் சாதாரணமாக வாங்கும் ஸ்பின்னிங் ரீலுக்கு அடி வளையம் பெரிதாகவும், போகப்போகச் சிறிதாகவும், புனல் மாதிரி அமைந்திருக்கும். இப்போது வரும் கம்புகளில் அந்தப் புனல் சட்டென்று குறுகிவிடுகிறது. அடியில் இரண்டு மூன்று வளையம்தான் பெரிது. அதற்கு மேல் நுனி வரைக்கும் எல்லாமே பொடி. ஜப்பானின் ஃபியூஜி நிறுவனம் வகுத்த அமைப்புகளைப் பார்த்து உலகம் முழுவதும் இந்த முறை பரவியது. பேசப்போவது அந்தப் பொடி வளையங்களைப் பற்றித்தான்.

ஆசிரியர் பயிற்சியில் பாடக்குறிப்பு எழுதிப் பழகிய கை. நன்மை, தீமை என்று இரண்டு பத்தி போடாமல் என்னால் இருக்க முடியாது.

நன்மையை முதலில் சொல்கிறேன். அதுதான் நியாயம்.

வகுப்பில் நான் அடிக்கோலை வைத்துச் செய்துகாட்டியது நினைவிருக்கிறதா? மேசை விளிம்பில் அடிக்கோலின் ஒரு முனையை அழுத்திப் பிடித்து, மறுமுனையைச் சுண்டிவிட்டால் விர்ரென்று ஆடி நிற்கும். அந்த முனையில் ஒரு அழிப்பானை ரப்பர் பேண்டால் கட்டிவிட்டுச் சுண்டினால் தொம் தொம் என்று மெதுவாக ஆடும். ஆட்டம் நிற்கவும் நேரமாகும். அதே அழிப்பானைக் கைக்குப் பக்கத்தில் நகர்த்திக் கட்டினால் வித்தியாசமே தெரியாது. தூண்டில் கம்பும் அப்படித்தான். நுனிப் பக்கம் ஏறுகிற ஒவ்வொரு கிராமும் கைப்பிடிப் பக்கம் ஏறுகிற கிராமைவிடப் பல மடங்கு உறைக்கும். பெரிய உலோக வளையங்களை எடுத்துவிட்டுச் சிறியவற்றைக் கட்டினால் நுனி லேசாகிறது. வீசி முடித்ததும் கம்பு ஆடிக்கொண்டிருக்காமல் உடனே நிமிர்கிறது.

இரண்டாவது, கடி தெரிவது. கிழங்கான் மீன் இரையைத் தொடுவது எவ்வளவு மெல்லிய தொடுகை என்று பிடித்தவர்களுக்குத் தெரியும். கனமான நுனி அந்த அதிர்வைத் தானே விழுங்கிவிடும். லேசான நுனி அதைக் கைக்குக் கொண்டுவரும். வம்பாகீரப்பாளையத்தில் எனக்குத் தெரிந்த ஒரு பெரியவர் கம்பே பிடிக்காதவர். கைநரம்பு போடுவார். நரம்பு அவர் ஆள்காட்டி விரலின் மேல் ஓடும். "வாத்தியாரே, உங்க கம்பு கேட்டு உங்க கிட்ட சொல்லுது. எனக்கு நரம்பே சொல்லுது" என்பார். சிறு வளையக் கம்பைப் பிடித்தபோதுதான் அவர் சொன்னதன் அர்த்தம் கொஞ்சம் பிடிபட்டது.

மூன்றாவது, காற்று. பெரிய வளையத்துக்குள் மெல்லிய நரம்பு துள்ளி விளையாடும். கொண்டல் காற்று எதிரே அடிக்கும்போது வளையத்துக்கும் வளையத்துக்கும் நடுவில் நரம்பு தொப்பை போட்டு, நுனியைச் சுற்றிக்கொள்ளும். சிறு வளையம் நரம்பைக் கம்போடு ஒட்டியே நடத்துவதால் இந்தத் தொல்லை குறைவு. நான்காவது, வளையம் சிறியது என்பதால் எண்ணிக்கையைக் கூட்டிக் கட்டலாம். கூடுதல் வளையம் இருந்தால் நரம்பு கம்பின் வளைவை இன்னும் ஒழுங்காகப் பின்தொடரும்.

ஆக, சிறு வளையம் ஏமாற்று வேலை இல்லை. கடுகு சிறுத்தாலும் காரம் உண்டு. பின்னல் நரம்பு போட்டு, செயற்கை இரையை வீசி வீசி இழுப்பவர்களுக்கு இது வரம். நாள் முழுக்க நூறு முறைக்கு மேல் வீசுகிற இளைஞனின் மணிக்கட்டுக்குக் கம்பின் நுனி லேசாக இருப்பது பெரிய விஷயம்.

பிறகு ஏன் இந்தப் பதிவு? நம் ஊர்க் கரையைப் பார்த்தால் புரியும்.

உங்களில் ஐம்பது வயதைத் தாண்டியவர்கள் காந்தி சிலைக்கு எதிரே மணலில் ஓடியாடியிருப்பீர்கள். 1980-களின் பிற்பகுதியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் இரண்டு கல் சுவர்களைக் கட்டினார்கள். நம் கடற்கரையில் வருடத்தின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகரும். சுவர் அதைத் தடுத்தது. தெற்கே வீராம்பட்டினம் பக்கம் மணல் சேர்ந்தது. வடக்கே நகரத்தின் மணலைக் கடல் தின்றது. சாலையைக் காப்பாற்றக் கருங்கல்லைக் கொட்டினார்கள். அண்மைக் காலத்தில் தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலடியில் தடுப்பு அமைத்த பிறகு ஓரளவு மணல் திரும்பியிருக்கிறது. 1962-இல் கட்டிய பழைய துறைமுகப் பாலத்தின் ஒரு பகுதி 2022 மார்ச்சில் அலையில் இடிந்து விழுந்ததும் உங்களுக்குத் தெரியும். ஆக, நம் நகரத்தில் தூண்டில் போடுகிறவன் இன்று பெரும்பாலும் நிற்பது கருங்கல்லின் மேல்.

மணல் கரையில் ஒரே நரம்பு போதும். சித்தப்பா காலத்தில் ரீலிலிருந்து முள் வரைக்கும் ஒரே நைலான் நரம்புதான். நடுவில் முடிச்சு கிடையாது. கல்லில் அது நடக்காது. கல்லில் ஒட்டியிருக்கும் சிப்பி நரம்பைக் கத்தி மாதிரி அறுக்கும். அதிலும் பின்னல் நரம்பு இழுவிசைக்குப் புலி, உராய்வுக்குப் பூனை. ஆகவே முன்னால் இரண்டு பாகம் நீளத்துக்குத் தடித்த நைலானைச் சேர்க்க வேண்டும். அதை லீடர் என்கிறார்கள். மெல்லிய பின்னல் நரம்பையும் தடித்த லீடரையும் சேர்க்க ஒரு முடிச்சு வேண்டும். வீசும் நேரத்தில் கம்பின் நுனியிலிருந்து தொங்குவது அரைப் பாகம்தான். மீதி லீடர் வளையங்களுக்குள்ளும் ரீலிலும் இருக்கும். அதாவது ஒவ்வொரு வீச்சிலும் அந்த முடிச்சு எல்லா வளையங்களையும் தாண்டி வேகமாக வெளியே போக வேண்டும்.

வளையத்தின் அளவைப் பேசும்போது இன்னொன்றையும் மறக்கக் கூடாது. கடையில் சொல்லும் அளவு எண் உள்துளையின் அளவு அன்று. அது வெளிவிட்டத்தைக் குறிப்பது. உள்ளே பதித்திருக்கும் பீங்கான் வகை வளையத்தின் தடிமனைக் கழித்தால் மிஞ்சுவதுதான் நரம்புக்குரிய வழி. என் புதுக் கம்பின் நுனி வளையத்தில் தீக்குச்சியின் கட்டைப் பகுதி நுழைகிறது. மருந்துத் தலை நுழையவில்லை.

போன மாசி மாதம், ஒரு மாலை. ஒன்பது வயதுப் பேத்தி நரம்பைக் கோத்துக் கொடுத்தாள். அவளுக்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை. கம்பை எடுத்துக்கொண்டு கற்கள் கொட்டிய கரைக்குப் போனேன். எனக்குத் தெரிந்த பழைய முடிச்சைப் போட்டு லீடரைச் சேர்த்தேன். 40 கிராம் ஈயம். கம்பில் எழுதியிருந்த எடை வரம்புக்குள்தான். முதல் மூன்று வீச்சும் நன்றாகப் போயின. ஆனால் ஒவ்வொரு முறையும் முடிச்சு வளையத்தைத் தாண்டும்போது "டிக், டிக்" என்று சத்தம் கேட்டது. கேட்டும் பொருட்படுத்தவில்லை. நான்காவது வீச்சில் பாதியிலேயே முடிச்சு நுனியில் சிக்கியது. ஈயம் நேரே போகாமல் வலப்பக்கம் சுழன்றது. பட்டாசு மாதிரி ஒரு சத்தம். நரம்பு அறுந்து, ஈயம் பத்தடி தள்ளிக் கல்லில் உட்கார்ந்து சுண்டல் தின்றுகொண்டிருந்த ஒரு பையனின் காதோரமாகப் போய்ப் பக்கத்துக் கல்லில் மோதித் தெறித்தது.

பையனுக்கு ஒன்றும் ஆகவில்லை. என்ன நடந்தது என்றே அவனுக்குப் புரியவில்லை. அவன் அப்பா எழுந்து கோபமாகத் திரும்பினார். என்னைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. "சார்… நீங்களா?" என்றார். என்னிடம் ஆறாம் வகுப்பு படித்தவர். "பரவாயில்ல சார், ஒண்ணும் ஆகல, விடுங்க" என்று எனக்கே ஆறுதல் சொன்னார். என்னை நாலு வார்த்தை திட்டியிருந்தால் அன்று எனக்குத் தூக்கம் வந்திருக்கும். அறிவியல் கூடத்தில் கண்ணாடிக் குழாயைச் சூடாக்கும்போது ஒரு பிள்ளையையும் எதிரே நிற்கவிடாத ஆசிரியர் நான். அன்றைக்குப் பின்னாலும் பக்கத்திலும் யார் இருக்கிறார்கள் என்று திரும்பிப் பார்க்காமல் கம்பை வீசினேன். அப்பா, பிள்ளை இருவரிடமும் அங்கேயே மன்னிப்புக் கேட்டேன். இங்கேயும் கேட்கிறேன்.

அன்று இரவு கம்பின் மேல்தான் எனக்குக் கோபம். "பொடி வளையமே ஆகாது" என்று எழுதிவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். நல்லவேளை எழுதவில்லை. மறுவாரம் இன்னொரு பழைய மாணவன் வீட்டுக்கு வந்தான். முகத்துவாரத்தில் கொடுவா பிடிப்பதில் அவன் கெட்டிக்காரன். கம்பைப் பார்த்தான். என் முடிச்சையும் பார்த்தான். "சார், வளையத்து மேல தப்பு இல்ல. முடிச்சு குண்டா இருக்கு" என்றான். நான் லீடரை மடித்துக் கட்டியிருந்தேன். மடித்தால் தடிமன் இரட்டிப்பு. அவன் லீடரை மடிக்காமல், அதன் மேல் பின்னல் நரம்பை இப்படியும் அப்படியும் சடை பின்னுகிற மாதிரிச் சுற்றிக் கட்டினான். எஃப்.ஜி. முடிச்சு என்று பெயராம். விரலால் தடவினால் முடிச்சு இருப்பதே தெரியவில்லை. அது வளையங்களைச் சத்தமில்லாமல் தாண்டிப் போனது. அந்த முடிச்சைப் போட்ட கம்பைத்தான் ஒருநாள் பழைய கம்போடு சேர்த்து வீசிப் பார்த்தேன். கை நோவு குறைந்தது உண்மை. போய் விழுந்த தூரத்தில் எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

அவன் சொன்னது சரி. ஆனால் நான் கேட்டது இதுதான்: "தம்பி, அந்தி நேரத்துல, கல்லு மேல நின்னுக்கிட்டு, காத்துல நரம்பு பறக்கும்போது, அறுபத்தஞ்சு வயசுல இந்த முடிச்ச நான் போட முடியுமா?" சிரித்தான். "வீட்டுலேயே போட்டுக்கிட்டு வாங்க சார்" என்றான். ஒன்று அறுந்தால்? அடுத்ததைக் கரையில்தானே போட வேண்டும்! நல்ல கண்ணும் விரலும் உள்ளவனுக்கு இந்தக் கேள்வி எழாது. எனக்கு எழுகிறது.

முடிச்சைத் தவிர வேறு தொல்லைகளும் உண்டு. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஆறுகள் குப்பையையும் ஆகாயத்தாமரையையும் கடலில் கொண்டுவந்து தள்ளும். நரம்பில் ஒட்டிவரும் நாரும் பாசியும் பெரிய வளையத்தில் நழுவிப் போகும். சிறு வளையத்தில் தேன்கூடு மாதிரி அடைத்துக்கொள்ளும். உப்பும் பொடி மணலும் காய்ந்து படியும்போதும் அப்படித்தான். ஒவ்வொரு முறையும் நல்ல தண்ணீரில் கழுவாவிட்டால் துளை சுருங்கும், சட்டம் துருப்பிடிக்கும். ஆழத்துக்கேற்பத் தக்கையை நிறுத்த நரம்பின் மேல் கட்டும் சிறு தடை முடிச்சுக்கும் இதே கதிதான். தடித்த நைலானையே ரீல் முழுக்கச் சுற்றுகிறவர்களுக்குச் சிறு வளையம் கொஞ்சமும் பொருந்தாது. அந்த நரம்பின் விறைத்த சுருள் குறுகிய துளையில் உரசி வேகத்தை இழக்கும்.

வளையத்தின் உள்விளிம்பில் ஒரு மயிரிழைக் கீறல் விழுந்தாலும் அது நரம்பைத் தின்னும். பெரிய வளையம் என்றால் பஞ்சைத் திரித்து உள்ளே இழுத்துப் பார்த்துவிடலாம். இழை சிக்கினால் கீறல் இருக்கிறது என்று பொருள். தீக்குச்சித் தலை போகாத துளையில் இந்தச் சோதனையைச் செய்ய வேண்டுமென்றால் பேத்தியைத்தான் கூப்பிட வேண்டும். உடைந்தால் அதே அளவு நுனி வளையம் உள்ளூரில் எளிதில் கிடைப்பதும் இல்லை.

குளிர் நாட்டில் இருக்கும் உறவினர்களுக்கு ஒரு வரி. பனிக்காலத்தில் நரம்பு கொண்டுவரும் தண்ணீர் வளையத்திலேயே உறைந்துவிடும். சிறிய துளை முதலில் அடைபடும். அங்கே நம் பாசித் தொல்லை பனிக்கட்டித் தொல்லையாக வரும், அவ்வளவுதான்.

என் முடிவைச் சொல்கிறேன். மாற்றுக் கருத்து இருந்தால் கீழே எழுதுங்கள். சண்டை வேண்டாம், காரணம் வேண்டும்.

ஒன்று. மெல்லிய பின்னல் நரம்பு, மெலிந்த முடிச்சு, செயற்கை இரை, ஓரளவு சுத்தமான தண்ணீர் இவை நான்கும் இருந்தால் சிறு வளையம் வாங்குங்கள். முகத்துவாரத்தில் கொடுவாவும் செம்பல்லியும் தேடுகிற இளைஞர்கள் யோசிக்கவே வேண்டாம்.

இரண்டு. கருங்கல்லின் மேல் நின்று, ஈயம் கட்டி, இறால் கோத்து அடியில் போடுகிறவர்கள் நடுத்தர வளையத்துக்கு மேல் போகவும் வேண்டாம், கீழே வரவும் வேண்டாம். சித்தப்பாவின் உலக்கையும் தேவையில்லை. கம்பு பத்திருபது கிராம் கூடினால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது.

மூன்று. புதிதாகக் கற்கும் பிள்ளைகளுக்கும் கண் மங்கிய பெரியவர்களுக்கும் துளை பெரிதாக இருக்கட்டும். பிள்ளை போடும் முதல் முடிச்சு குண்டாகத்தான் இருக்கும். முதல் வகுப்பில் குண்டு குண்டாக எழுதித்தானே எல்லாரும் பழகினோம்.

நான்கு. எந்தக் கம்பானாலும் வாங்கும் முன் இதைச் செய்யுங்கள். நீங்கள் பயன்படுத்தும் நரம்பிலும் லீடரிலும், நீங்களே உங்கள் கையால் ஒரு முடிச்சுப் போட்டுக் கடைக்கு எடுத்துப் போங்கள். நுனி வளையத்தில் நுழைத்து மெதுவாக இழுங்கள். தடையில்லாமல் போய், இன்னும் அதே அளவு இடம் மிச்சம் இருந்தால் வாங்குங்கள். "டிக்" என்று சத்தம் கேட்டால் வைத்துவிட்டு வாருங்கள். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்று நம் பெரியவர்கள் சொன்னது காசுக்கு மட்டுமா? கடலில் போடும் முடிச்சுக்கும் சேர்த்துத்தான்.

தெரியாமல் சிறு வளையக் கம்பை வாங்கிவிட்டவர்கள் தூக்கிப் போட வேண்டாம். லீடரை அரைப் பாகமாகக் குறைத்தால் முடிச்சு நுனிக்கு வெளியிலேயே நின்றுவிடும். கல்லில் பாதுகாப்பு குறையும், மீன் ஒன்றிரண்டு அறுத்துக்கொண்டு போகும். போகட்டும். ஈயம் யார் தலையிலும் விழாது.

இரண்டு வேண்டுகோள். வீசும் முன் பின்னாலும் இரு பக்கமும் திரும்பிப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை மாலையில் கடற்கரைச் சாலையில் எவ்வளவு கூட்டம் என்று உங்களுக்கே தெரியும். அந்த நேரத்தில் அங்கே வீசவே வேண்டாம். இன்னொன்று, அறுந்த நரம்பைக் கல் இடுக்கில் விட்டுவிட்டு வராதீர்கள். நைலான் மக்காது. தை முதல் பங்குனி வரை பங்குனி ஆமைகள் முட்டையிட நம் கரைக்கு வருகின்றன. அவற்றின் துடுப்பில் சுற்றினாலும், கொக்கின் காலில் சுற்றினாலும் அவிழ்க்க ஆள் கிடையாது. வளையத்தில் முடிச்சு சிக்கி அறுகிற ஒவ்வொரு முறையும் நாம் இரண்டு பாகம் நரம்பையும் ஒரு முள்ளையும் கடலுக்குக் கொடுக்கிறோம். கையில் கிடைப்பதையாவது சுருட்டி எடுத்து வருவோம்.

கடைசியாக, அக்கா மகனுக்கு. தம்பி, நீ கொண்டுவந்தது நல்ல கம்பு. அது எனக்கேற்ற கம்பாக இல்லை என்பதை நான் முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும். என் கண் மங்குவதை உங்களிடம் எல்லாம் மறைக்க, "அருமை" என்று ஒரு சொல்லைப் போட்டு மூடினேன். அந்த மூடலின் விலையை இன்னொருவர் பிள்ளை கொடுக்கவிருந்தது. பெரியவர்களுக்குப் பொருள் வாங்கும்போது நீங்கள் அவர்கள் கண்ணையும் விரலையும் நினைத்துப் பாருங்கள். பெரியவர்களாகிய நாங்களும் "முடியவில்லை" என்ற சொல்லைச் சொல்லப் பழகிக்கொள்கிறோம்.

கம்பைப் பேத்திக்குக் கொடுத்துவிட்டேன். ஞாயிறு காலை, கூட்டம் இல்லாத நேரத்தில் இருவரும் வீராம்பட்டினம் மணலுக்குப் போகிறோம். மணல் என்பதால் லீடர் இல்லை, முடிச்சும் இல்லை. போன வாரம் அவள் நான்கு கிழங்கான் பிடித்தாள். நான் பழைய கம்பில் ஒன்று. வீட்டில் குழம்பு வைத்தவர், நான்கு யாருடையது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, பெரிய துண்டுகளை அவள் தட்டில் போட்டார்.

நலமாக இருங்கள். கண் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். எனக்கு அடுத்த மாதம் புரை அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறித்தாயிற்று.

அன்புடன்,
உங்கள் சார்